தப்லீக் ஜமாஅத்: 2020 கொரோனாச் செய்திகள்

ஓர் அமைப்பின் கூட்டத்தில் பரவிய தொற்றுக்காக ஒரு சமயத்தார் அனைவர்மீதும் ஊடகங்கள் பழி ஏற்றிய நிகழ்வு. தப்லீக் ஜமாஅத், 1920களில் மேவாத் பகுதியில் மௌலானா முகம்மது இல்யாஸ் தொடங்கிய சமயச் சீர்திருத்த இயக்கம். கட்சி அரசியலிலிருந்து விலகி நிற்பது.

2020 பிப்ரவரி இறுதியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் இந்த இயக்கத்தின் கூட்டத்துக்குச் சுமார் 16,000 பேர் வந்தனர். அங்கிருந்து 3,300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியது, இதை மறுப்பதற்கில்லை. மார்ச்சில் இயக்கத்தின் தலைமையகமான டெல்லி நிஜாமுதீன் மர்கஸில் கூடியவர்களிடமும் தொற்று கண்டறியப்பட்டது. தொற்றுத் தடம் தேடுவது நோய்த்தடுப்புப் பணி. ஆனால் தொலைக்காட்சி விவாதங்கள் தொற்றுப் பரவலைச் சதியாக்கின. ‘கொரோனா ஜிகாத்’ என்ற சொல் சமூக ஊடகங்களில் பரவியது. மற்றச் சமயக் கூட்டங்களுக்கு அந்த வேகம் காட்டப்படவில்லை. தமிழகச் சுகாதாரத் துறை, டெல்லி மாநாட்டைப் பெயர் சொல்லிக் கணக்குக் கொடுத்துவந்தது. எதிர்ப்புக்குப் பின் ‘சிங்கிள் சோர்ஸ்’ (ஒற்றை மூலம்) என மாற்றிக்கொண்டது. பெயர் மாறியபோது எல்லோருக்கும் அது யாரென்று தெரிந்துவிட்டிருந்தது!

2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மர்கஸுக்கு வந்த வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி அவர்கள்மீதான வழக்குகளை ரத்துசெய்தது. ஊடகச் செய்திகளுக்கு எதிராக முஸ்லிம் அறிஞர்களின் அமைப்பான ஜமியத் உலமா-இ-ஹிந்த் உச்ச நீதிமன்றம் சென்றது. மர்கஸ் கூட்டம் தொடர்பாக 70 இந்தியர்கள்மீது இருந்த 16 வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது 2025 ஜூலையில்தான்.