மேல்பூச்சு மட்டும்தான் வித்தியாசம்: ஜெர்மன் போர் ஹெல்மெட்டுகளில் அசலும் போலியும்

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் ஜெர்மன் சிப்பாயை எதை வைத்து அடையாளம் காண்கிறோம்? துப்பாக்கியையோ சட்டையையோ வைத்தல்ல. காதையும் பிடரியையும் மூடிக்கொண்டு இறங்கும் அந்த இரும்புத் தொப்பியை வைத்துத்தான். அதற்கு 'ஷ்டால்ஹெல்ம்' என்று பெயர். எஃகுத் தலைக்கவசம், அவ்வளவுதான் அர்த்தம். இன்றைக்கும் இதைத் தேடித்தேடிச் சேகரிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சாதாரண சாம்பல் நிற ஹெல்மெட்டுக்கு ஒரு விலை. அதன்மேல் போர்க்காலத்திலேயே பூசிய உருமறைப்பு வண்ணம் இருந்தால் விலை பல மடங்கு! எஃகு ஒன்றுதான், தொழிற்சாலையும் ஒன்றுதான். மேலே இருக்கும் மெல்லிய பெயிண்ட் மட்டும்தான் வித்தியாசம். அந்தப் பெயிண்ட் 1944ல் பூசியதா, போன வருஷம் யாரோ கார் ஷெட்டில் உட்கார்ந்து பூசியதா? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இந்தச் சேகரிப்பு உலகமே சுழல்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1914ல் ஜெர்மன் படை தோல் தொப்பியோடுதான் போருக்குப் போனது. உச்சியில் கூர் வைத்த அந்தத் தொப்பி அணிவகுப்புக்கு அழகு, ஷெல் சிதறலுக்கு முன்னால் ஒன்றுக்கும் உதவாது. தலைக்காயங்களைப் பார்த்துப் பார்த்து நொந்த ஆகஸ்ட் பீர் என்ற அறுவை மருத்துவர் எஃகுக் கவசம் வேண்டும் என்றார். ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்ட் அதை வடிவமைத்தார். 1916 தொடக்கத்தில் வெர்டன் போர்முனையில் அது சிப்பாய்களின் தலைக்கு வந்தது.

அப்போது எல்லாம் ஒரே சாம்பல் பச்சை. 1918 ஜூலை 7ல்தான் லூடன்டார்ஃப் பெயரில் ஓர் உத்தரவு வந்தது. பச்சை, காவி மஞ்சள், துருப் பழுப்பு ஆகிய நிறங்களில் கூரான விளிம்புள்ள கட்டங்களாகப் பூச வேண்டும். கட்டங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு போட வேண்டும். போர் நின்றது நவம்பர் 11ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த உத்தரவு நடைமுறையில் இருந்தது வெறும் நான்கு மாதம்! அந்த நான்கு மாதத்தில் பூசியதாகச் சொல்லப்படும் ஹெல்மெட்டுகள் இன்று சந்தையில் வந்துகொண்டே இருக்கின்றன. சந்தேகம் வராமல் இருக்குமா?

இரண்டாம் போரின் கதை வேறு. இங்கே ஹெல்மெட் உருமறைப்புக்கு அப்படி ஒரே மாதிரியான விதி கிடையாது. ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன பிரிவுகள் மணல் நிறம் பூசின, சிலர் பெயிண்டோடு மணலையே கலந்தார்கள். ரஷ்யப் பனியில் வெள்ளையடித்தார்கள். 1943 பிப்ரவரியில் ராணுவ வண்டிகளுக்கு அடிநிறமாக அடர் மஞ்சள் உத்தரவானது. அதன்மேல் தீட்ட ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசை வடிவில் பிரிவுகளுக்குப் போயின. வண்டிக்கு அடித்த கையோடு ஹெல்மெட்டுக்கும் அடித்துக்கொண்டார்கள். சேகரிப்பாளர்கள் 'நார்மண்டி' என்று செல்லமாக அழைக்கும் மூவண்ண ஹெல்மெட்டுகளின் நிறம் இங்கிருந்து வந்ததுதான். ஸ்ப்ரே கன் இருந்தவன் ஸ்ப்ரே செய்தான், இல்லாதவன் தூரிகையால் பூசினான். கோழிக்கூண்டுக் கம்பிவலையைச் சுற்றி இலை தழை செருகிக்கொண்டவர்களும் உண்டு.

சிக்கலே இங்குதான். தொழிற்சாலைப் பொருள் என்றால் ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கும். இதுவோ ஒவ்வொரு சிப்பாயின் கைவேலை. 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொல்ல முடியாது. சேகரிப்பாளருக்கு அதுதான் கவர்ச்சி, போலி செய்கிறவனுக்கும் அதுதான் வசதி.

சரி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் பெயிண்டைப் பார்ப்பதில்லை, இரும்பைப் பார்க்கிறார்கள். 1935 மாடலில் காற்றுத் துளையில் தனியாக ஒரு வளையம் பொருத்தியிருக்கும். 1940 மாடலில் அந்த வளையம் எஃகிலேயே அழுத்தி எடுக்கப்பட்டது. 1942 மாடலில் செலவு குறைக்க விளிம்பை உள்ளே மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்பக்கம் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். 'ஈடி' என்றால் தாலே ஊர் ஆலை, 'க்யூ' என்றால் எஸ்லிங்கனில் இருந்த க்விஸ்ட். பக்கத்தில் இருக்கும் 64, 66 போன்ற எண் அளவு. சின்னங்களுக்கும் காலக்கணக்கு உண்டு. ராணுவ ஹெல்மெட்டில் மூவண்ணக் கேடயச் சின்னம் 1940 மார்ச்சில் கைவிடப்பட்டது, கழுகுச் சின்னம் 1943 ஆகஸ்டில். 1942 மாடலில் மூவண்ணக் கேடயம் பளபளத்தால், விற்பவர் சொல்லும் கதையைக் கேட்காமல் நகர்ந்துவிடலாம்.

அடுத்து தேய்மானம். உள்ளே இருக்கும் தோல் உறையை மூன்று பிளவு ஆணிகள் பிடித்திருக்கும். போர்முனையில் யாரும் உறையைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகப் பெயிண்ட் அடிப்பதில்லை. அதனால் ஆணித் தலையின் மேலும் அதைச் சுற்றியுள்ள இடுக்கிலும் பெயிண்ட் ஒரே படலமாகப் படிந்திருக்கும். ஆணியைப் பிறகு கழற்றி மாட்டியிருந்தால் அந்தப் படலம் உடைந்திருக்கும். ஹெல்மெட்டைக் கீழே வைத்தால் உரசுவது விளிம்பு, கவிழ்ந்து உருண்டால் உரசுவது உச்சி. தேய்மானமும் அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும். போலியில் எல்லா இடத்திலும் சமமாக, அழகாகத் தேய்ந்திருக்கும். உப்புத்தாள் போட்ட கை எங்கே நிறுத்துவது என்று அறியாது. துருவும் அப்படித்தான். நிஜமான துரு பெயிண்டுக்கு அடியிலிருந்து கிளம்பி அதைத் தூக்கிக்கொண்டு வரும். துருவின் மேல் பெயிண்ட் உட்கார்ந்திருந்தால் எது முதலில் வந்தது என்று நானே சொல்லிவிடுவேன்!

என்னைக் கேட்டால், ரொம்ப அழகாக இருப்பதே முதல் எச்சரிக்கை. புகைப்படப் புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கும் ஹெல்மெட், அந்தப் புத்தகத்தைப் பார்த்தே பிறந்திருக்க வாய்ப்பு உண்டு.

விஞ்ஞானம் உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், ஓரளவுக்கு. புற ஊதா விளக்கில் சில நவீன பெயிண்ட்கள் பளிச்சென்று ஒளிரும். எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் கருவி பெயிண்டில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும். ஆனால் டைட்டானியம் தெரிந்த உடனே போலி என்று குதிக்க முடியாது. டைட்டானியம் வெள்ளை போருக்கு முன்பே இருந்தது. அதில் ரூட்டைல் என்ற படிக வகை பரவலானதுதான் பிற்காலம். படிக வகையைப் பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே கருவியால் ஆகாது, ராமன் நிறமாலை வேண்டும். (ஆமாம், நம்ம சி. வி. ராமன் 1928ல் கண்டுபிடித்த அதே விளைவுதான்.) அக்ரிலிக் எமல்ஷன் சிக்கினால் கதை முடிந்தது, அது 1950களின் சரக்கு. இவ்வளவு செய்தாலும் சோதனையால் 'இது போலி' என்று நிரூபிக்க முடியுமே தவிர, 'இது அசல்' என்று நிரூபிக்க முடியாது. பழைய முறையிலேயே கலந்த எண்ணெய்ப் பெயிண்டைப் பழைய எஃகில் பூசினால் கருவி மௌனமாகிவிடும்.

பழைய எஃகு எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? தாராளமாகக் கிடைத்தது. போர் முடிந்ததும் நார்வே ராணுவம் ஜெர்மானியர்கள் விட்டுப்போன ஹெல்மெட்டுகளை மறுபடி பெயிண்ட் அடித்துப் பயன்படுத்தியது. பின்லாந்திடமும் ஜெர்மன் ஹெல்மெட்டுகள் இருந்தன. இவை பின்னாளில் உபரிச் சரக்காக வெளியே வந்தன. இவற்றில் மூவண்ணம் பூசினால் ஒரே நாளில் 'நார்மண்டி' தயார். இது கூடப் பரவாயில்லை. 1940ன் சாம்பல் பூச்சு கலையாமல் எண்பது வருஷம் தப்பி வந்த நேர்மையான ஹெல்மெட்டுகள் மேலும் விலைக்காகத் தூரிகை வைக்கிறார்கள். வாங்குகிறவனின் பணம் போவதை விட எனக்கு இதுதான் எரிச்சல். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம், அந்தச் சாம்பல் பூச்சு திரும்ப வராது.

நாஜி ஆட்சிக்காகப் போரிட்ட படையின் தொப்பியை ஏன் பாதுகாக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. கழுகுச் சின்னத்தின் காலடியில் இருப்பது ஸ்வஸ்திகா. ஜெர்மனியில் தண்டனைச் சட்டம் 86ஏ பிரிவின்படி அதைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீரப் பொருளாக அலமாரியில் வைத்துப் பெருமைப்படுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் சாட்சிப் பொருள் என்று வைத்தால், சாட்சி கலப்படமில்லாமல் இருக்க வேண்டாமா?

சாட்சி என்று ஏன் சொல்கிறேன் என்றால், சில ஹெல்மெட்டுகளின் பின்பக்கம் உள்ளே சிப்பாயின் பெயர் எழுதியிருக்கும். ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் பட்டியலில் லட்சக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். பெர்லினில் சிப்பாய்களின் ஆவணங்களைக் காத்துவந்த அலுவலகம் 2019ல் ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்தது, அங்கும் விசாரிக்கலாம். பெயர், பிரிவு, விழுந்த இடம் எல்லாம் பொருந்தினால் ஒரு ஹெல்மெட் ஒரு மனிதனின் கடைசி நாளோடு சேர்ந்துவிடும். ஆனால் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றால் போலி செய்கிறவனுக்கும் திறந்திருக்கிறது என்றுதானே பொருள்? 1944 ஜூலையில் நார்மண்டியில் இறந்த ஒருவன் பெயரை அதிலிருந்து பொறுக்கி, காலி ஹெல்மெட்டின் உள்ளே எழுத ஒரு நிமிடம் போதும். அதனால் விவரமறிந்தவர்கள் பெயர் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்துவதில்லை. லென்ஸை எடுத்து, எழுத்தின் கோடு பழைய கீறலைத் தாண்டும் இடத்தைப் பார்க்கிறார்கள். கீறல் எழுத்தை வெட்டிக்கொண்டு போகிறதா, அல்லது எழுத்து கீறலுக்குள் இறங்கியிருக்கிறதா?