இழுபறி நிற்கும் இடம்

கொங்கு நாட்டில் 'தாது வருசப் பஞ்சம்' என்று சொல்வது 1876–78 பஞ்சத்தை. திருப்பூர் அன்று கோயமுத்தூர் ஜில்லாவில் ஓர் ஊர்; சென்னை மாகாணத்தில் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அரசாங்கத்தைச் சூரியன் பக்கம் திருப்பியது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்று நம்பினார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அப்படித்தான் வந்தது. 1901-இல் அங்கே சூரியனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆனா மலை மேல ஏறினாலும் ராத்திரி வரும், மேகம் வரும். இமைக்காமல் பார்க்க எங்கே போய் நிற்பது?

சூரியனும் பூமியும் சமமாக இழுக்கும் இடத்தில் என்று சட்டென்று தோன்றும். கணக்குப் போடுவோம். சூரியனின் நிறை பூமியைப்போல் சுமார் 3,33,000 மடங்கு. அதன் வர்க்கமூலம் 577. இடையிலுள்ள 15 கோடி கிலோமீட்டரை 578-ஆல் வகுத்தால், பூமியிலிருந்து ஏறக்குறைய 2.6 லட்சம் கிலோமீட்டர். நிலாவே அதைத் தாண்டி 3.84 லட்சத்தில் இருக்கிறது! அதாவது நிலாவைப் பூமியைவிடச் சூரியன்தான் பலமாக இழுக்கிறது.

ஆனால் அங்கே நிறுத்தினால் கலம் நிற்காது. பூமி சூரியனைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. கூடவே ஓட, கலத்தையும் வளைக்க ஓர் இழுப்பு மிச்சம் இருக்க வேண்டும். சூரியனுக்குக் கிட்டே போகப்போகச் சுற்றும் வேகம் கூடும். வெள்ளிக்கு ஒரு சுற்று 225 நாள்தான். பூமி பின்னாலிருந்து பிடித்து இழுத்து, அந்த வேகத்தைச் சரியாக ஒரு வருஷத்துக்குக் குறைக்கிற இடம் 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. ஆய்லர் தொடங்கிய இந்தக் கணக்கை 1772-இல் விரித்து எழுதியவர் லக்ராஞ்சு. புள்ளிக்கு அவர் பெயரே நிலைத்தது.

செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதுவும் ஊசிமுனை மாதிரியான இடம். கொஞ்சம் விலகினால் விலகல் பெருகிக்கொண்டே போகும். அதனால் கலம் புள்ளியைச் சுற்றிவருகிறது, ஒரு சுற்றுக்கு 178 நாள். அவ்வப்போது உந்திச் சரிசெய்ய வேண்டும்.

மழையைக் கணிக்கும் பழைய ஆசை நினைத்தபடி பலிக்கவில்லை. இன்று பயம் வேறு. 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக்கை ஒன்பது மணி நேரம் இருட்டாக்கியது. கரண்ட் போனால் நின்றுவிடும் நிட்டிங் மெஷின்களை நம்பி வாழும் ஊருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பஞ்சம் எழுப்பிய கேள்விக்குப் பதில் தேடி மலையேறியவர்கள், பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விட்டுப் போனார்கள். அதுதான் இன்று 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் காவல் நிற்கிறது.