கணக்கில் தப்பிய நரம்பு

சில வருஷங்களுக்கு முன் உம்மாவின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்து, சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. டொக்டரிடம் உம்மா கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"கண்ணுக்குள்ளயா ஊசி போடப்போறீங்க?"

"கண்ணுக்குள்ள இல்லம்மா, கண்ணுக்குப் பின்னால. ஊசி போடக்குள்ள நேரா முன்னால பாருங்க. மேல பார்க்க வேணாம்."

உம்மாவுக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை. ஏன் மேலே பார்க்கக் கூடாது? அதைத் தேடப் போன இடத்தில்தான் என்னுடைய பழைய தவறொன்று அகப்பட்டது. அதே வருஷம் ஒரு பாடசாலை விழாவில், "கண்ணின் நரம்புகளையெல்லாம் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் முஸ்லிம் மருத்துவர்களே" என்று நான் பேசியிருந்தேன். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் சொன்னது சரியில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கான திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கண்குழி என்பது மண்டையோட்டில் கூம்பு வடிவில் அமைந்த எலும்பறை. அகன்ற வாய் முன்னால், கூர்நுனி பின்னால் மூளைப் பக்கமாக. மூளையிலிருந்து புறப்படும் 12 சோடி நரம்புகளில் இரண்டாவது முதல் ஆறாவது வரையான ஐந்து சோடிகள் இந்தச் சிறிய அறைக்குத் தாமாகவோ தம் கிளைகளாகவோ வந்து சேர்கின்றன. இரண்டாவது, பார்வை நரம்பு. மூன்றாவது, நான்காவது, ஆறாவது நரம்புகள் விழியை அசைக்கும் ஆறு தசைகளை இயக்குபவை. ஐந்தாவதின் கிளைகள் வலியையும் தொடுகையையும் உணர்த்துபவை. இமையை மூடும் ஏழாவது நரம்பு முகத்தின் வழியே வெளியிலிருந்து வருகிறது.

உங்கள் புருவத்தின் மூக்குப் பக்கத்து விளிம்பிலிருந்து விரலை மெதுவாக வெளிப்புறம் நகர்த்திப் பாருங்கள். மேல் எலும்பு விளிம்பில் பலருக்கு ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். ஐந்தாவது நரம்பின் ஒரு கிளை அவ்வழியாகத்தான் நெற்றிக்கு ஏறுகிறது. கண்ணுக்குக் கீழே, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு தாழ்வாக, இன்னொரு கிளை எலும்புத் துளையால் வெளிவந்து கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் போகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் கண்குழியின் தளம் உடைந்தவர்களுக்குக் கன்னமும் மேலுதடும் விறைத்துப்போவது இதனால்தான். அந்த எலும்பைச் சரிசெய்யும் வைத்தியர் முதலில் கவனிப்பதும் இந்த நரம்பைத்தான்.

சரி, இதையெல்லாம் யார் எப்போது கண்டார்கள்?

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், அரபு நூல்களில் ஜாலீனூஸ், மூளை நரம்புகளை ஏழு சோடி என்று எண்ணினார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் மாடுகளும் குரங்குகளும். பார்வை நரம்பு உள்ளே துவாரமுள்ளது, அதன் வழியே பார்வைக்கான உயிர்மூச்சு கண்ணுக்கு இறங்குகிறது என்பது அவர் கொள்கை. அந்த ஏழு சோடிக் கணக்கில் நான்காவது நரம்பு இல்லவே இல்லை. ஆறாவதைப் பிரித்துக் காட்டவுமில்லை.

இந்த அறிவை அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873). ஹீரா நகரில் பிறந்து பக்தாதில் பணியாற்றிய கிறிஸ்தவர் அவர் என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. கண்ணைப் பற்றிய அவருடைய பத்துக் கட்டுரைகள், கண்ணியலை ஒழுங்குபடுத்திச் சொன்ன மிகப் பழைய அரபு நூல்களில் ஒன்று. மாக்ஸ் மெயர்ஹொஃப் 1928இல் அதைக் கெய்ரோவில் பதிப்பித்தார். பார்வை நரம்பை அரபு மருத்துவர்கள் 'துவாரமுள்ள நரம்பு' என்றே அழைத்தார்கள். கேலனின் பிழையும் மொழிபெயர்ப்போடு சேர்ந்தே வந்தது.

கண் மருத்துவரை அரபியில் 'கஹ்ஹால்' என்பர். நம் வீடுகளில் சுர்மா என்கிறோமே, அந்தக் 'குஹ்ல்' என்ற சொல்லின் வழி வந்த பெயர். இந்தக் கஹ்ஹால்கள் வெறுமனே மொழிபெயர்ப்பை ஓதிக்கொண்டிருக்கவில்லை. மோசுலைச் சேர்ந்த அம்மார் இப்னு அலீ, எகிப்தில் ஃபாத்திமிய கலீஃபா ஹாக்கிமின் காலத்தில் (996–1021), துளையுள்ள ஊசியால் கண் வெள்ளையை உறிஞ்சியெடுக்கும் முறையை விவரித்தார். பக்தாதின் அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' நூற்றாண்டுகளாகக் கண் மருத்துவர்களின் கைநூலாயிருந்தது.

இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாழிர்' நூலுக்கு 1083இல் அவருடைய மருமகன் எழுதிய பிரதியொன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் நடுவில் சந்திப்பதை அதிலுள்ள படம் காட்டுகிறது. கண்ணின் உடற்கூற்றை அவர் முன்னோர் நூல்களிலிருந்தே எடுத்தார். அவர் புதிதாகச் செய்தது வேறு: பார்வை என்பது கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதல்ல, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதே என்று கணிதத்தாலும் சோதனையாலும் நிறுவியது.

ஆனால் நரம்புகளின் எண்ணிக்கை? அது ஏழிலேயே நின்றது. இது நம்மவர் குறை மட்டுமல்ல. மனித உடலை நேரில் அறுத்துப் பார்த்த வெசேலியஸும் 1543இல் ஏழு என்றுதான் எழுதினார். நான்காவது நரம்பைத் தெளிவாக விவரித்த பெருமை 1561இல் இத்தாலியின் ஃபலோப்பியோவுக்குப் போகிறது. அது அவ்வளவு காலம் கண்ணுக்குத் தப்பியதில் ஆச்சரியமில்லை. 12 சோடிகளிலும் மிக மெல்லியது அதுதான். மூளைத்தண்டின் பின்பக்கத்தால் புறப்படும் ஒரே சோடியும் அதுதான். அத்தனை தூரம் சுற்றிவந்து ஒரேயொரு தசையை மட்டும் இயக்குகிறது. தலையில் அடிபட்டு அந்த நரம்பு பழுதானவருக்குப் படியிறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும். இறுதியில் 1778இல் ஜெர்மனியின் சோமரிங் தன் பட்ட ஆய்வில் 12 சோடி என்று வகுத்தார். இன்று உலகம் படிப்பது அந்தக் கணக்கைத்தான்.

இந்தக் கணக்கால் நோயாளிக்கு என்ன லாபம்? அம்மாரின் ஊசி நுழைந்தபோது நோயாளி வலியைத் தாங்கிக்கொண்டு அசையாமலிருக்க வேண்டும். 1884இல் வியன்னாவின் கார்ல் கொல்லர், கொக்கெய்ன் துளிகள் விழியை விறைக்கச் செய்யும் என்று காட்டினார். அதே வருஷம் நியூயோர்க்கின் ஹெர்மன் நாப் அதைக் கண்ணுக்குப் பின்னால் ஊசியாகப் போட்டார். கண் தசைகள் கூம்பாகச் சூழ்ந்த இடத்துக்குள் மருந்து சேர்ந்தால் வலியுணர்த்தும் கிளைகளும் மூன்றாவது, ஆறாவது நரம்புகளும் ஒன்றாய் ஓய்ந்துவிடும். நான்காவது மட்டும் அந்தக் கூம்புக்கு வெளியே ஓடுகிறது. அதனால்தான் இந்த ஊசி போட்ட பிறகும் சிலருடைய விழி இலேசாக உள்நோக்கிச் சுழலும். கேலனின் கணக்குக்குத் தப்பிய நரம்பு ஊசிக்கும் தப்பிவிடுகிறது!

உம்மாவிடம் டொக்டர் சொன்னதன் காரணமும் இங்கேதான் கிடைத்தது. 1936இல் அட்கின்ஸன் என்பவர், ஊசி போடும்போது நோயாளி மேலேயும் மூக்குப் பக்கமும் பார்க்க வேண்டும் என்றார். பல தசாப்தங்கள் அப்படியே நடந்தது. 1981இல் ஸ்கேன் படங்களோடு வந்த ஆய்வொன்று, அப்படிப் பார்த்தால் பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கே நெருங்கி வருகிறது என்று காட்டியது. அதன்பின்தான் 'நேரே பாருங்கள்' என்றானது. பாடநூல் சொன்னதென்று விட்டுவிடாமல் மறுபடி பார்த்ததால் எத்தனையோ கண்கள் தப்பின.

டொலமியின் நூல்களைக் கேள்விக்குள்ளாக்க இப்னுல் ஹைதம் தனியாக ஒரு நூலே எழுதியவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, சரிபார்க்காத பெருமையை மேடையில் பேசியது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த தடவை அதே பாடசாலையில் பேசும்போது ஏழையும் சொன்னேன், பன்னிரண்டையும் சொன்னேன். "அப்ப நம்மட ஆக்கள் என்ன செஞ்ச, சேர்?" என்று ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான். அம்மாரின் ஊசியையும் இப்னுல் ஹைதமின் ஒளியையும் சொன்னேன். அவனுக்கு அது குறைவாகத் தெரியவில்லை.

உம்மாவின் கண் நல்லபடியாகத் தேறியது, அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கதையையெல்லாம் சொல்லி முடித்தபோது உம்மா சிரித்தா.

"நேரா பார்க்கச் சொன்னதுக்கா மகன் இவ்வளவு கதை?"