மார்த்தாண்டவர்மா: ஓர் ஊமைப்படமும் அதன் மூலநாவலும்

தென்னாட்டில் எடுக்கப்பெற்ற ஊமைப்படங்களுள் இன்று காணக்கிடைப்பன மிகச் சில. நடராஜ முதலியார் சென்னையில் ஆக்கிய 'கீசக வதம்' அழிந்தது. அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. தானியேலின் 'விகதகுமாரன்' அழிந்தது. 1933-ஆம் ஆண்டு வெளிவந்த 'மார்த்தாண்டவர்மா' மட்டும், காலத்தால் ஊறுபட்டதாயினும், எஞ்சியுள்ளது. எந்த நூலின் உரிமை அப்படத்தைத் திரையினின்றும் இறக்கியதோ, அந்நூலின் பதிப்பாளர் கையிலேயே அது பிழைத்துக் கிடந்தமை ஆராயத்தக்கது.

சி. வி. இராமன் பிள்ளை (1858–1922) எழுதிய 'மார்த்தாண்டவர்மா' 1891-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் அதுவே. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசுரிமை குறித்து எழுந்த பூசலே கதைப்பொருள். இளவரசன் மார்த்தாண்டவர்மனுக்கு எதிராகப் பத்மநாபன் தம்பியும் எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் சூழ்ச்சி செய்கின்றனர். இறந்தானென ஊரார் கருதிய அனந்தபத்மநாபன், பித்துக்கொண்ட சாணான் முதலிய வேடங்களில் உலவி இளவரசனைக் காக்கின்றான். கதை நிகழும் இடங்களுள் ஒன்றாகிய பத்மநாபபுரம், 1956-இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தில் உள்ளது. படம் எடுத்த ஆர். சுந்தரராஜும் நாகர்கோவிலைச் சார்ந்தவரே. ஆகவே இப்படத்தை மலையாளத் திரைவரலாற்றுக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

படத்தை இயக்கியவர் பி. வி. ராவ். மார்த்தாண்டவர்மனாக ஜெயதேவும், அனந்தபத்மநாபனாக ஏ. வி. பி. மேனனும் நடித்தனர்.

இந்நாவலை ஊமைப்படமாக்கத் துணிந்ததே ஒரு பெரும் முயற்சி எனலாம். சி. வி.யின் ஆற்றல் பேச்சில் உள்ளது. குலத்துக்கும் நிலைக்கும் ஏற்ப அவருடைய மாந்தரின் மொழி வேறுபடும். வேடம் பூண்டவனை அவன் பேச்சே மறைக்கும். படிப்போன் முகத்தைக் காண்பதில்லையாதலின் நெடுநேரம் ஐயுறுவான். திரையிலோ முகம் முன்னே வந்து நிற்கிறது, பேச்சு இல்லை. நாவலில் செவி செய்த வேலையை ஈண்டு தாடியும் தலைப்பாகையும் செய்தாக வேண்டும். இக்குறையை நிரப்ப, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுத்துத் தலைப்புகள் காட்சிகளுக்கிடையே வைக்கப்பெற்றன. அவற்றுள் சில நாவலின் தொடர்களையே எடுத்தாண்டன. கதையைத் தழுவினோம் என்று சொல்லித் தப்புதல் ஒருகால் இயலலாம். சொல்லையும் எடுத்துக்கொண்ட பின் அவ்வாதம் வலுவிழந்து போகின்றது. ஊமைப்படம் வாய்திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் நூலாசிரியரின் வாயைக் கடன்கொண்டது என்பது எம் கருத்து.

அக்கடன் விரைவிலேயே வழக்காயிற்று. நாவலின் உரிமை அப்போது திருவனந்தபுரம் கமலாலயா புத்தகசாலையிடம் இருந்தது. அந்நகரின் கேப்பிடல் அரங்கில் படம் திரையிடப்பெற்ற சில நாட்களுக்குள் நீதிமன்றத் தடை வந்தது. காட்சிகள் நின்றன, படச்சுருள் பதிப்பாளர் கைக்குச் சென்றது. தென்னாட்டில் 1931-இலேயே பேசும்படம் தோன்றிவிட்டமையால், தடைப்பட்ட ஓர் ஊமைப்படத்தை மீட்டுத் திரையிட எவரும் முன்வந்திலர். பொருளிழந்த தயாரிப்பாளரின் நிலை இரங்கத்தக்கது. எனினும் பதிப்பாளரைப் பழித்தலும் முறையன்று; அவர் தம் உரிமையையே காத்தார்.

பின்னர் நிகழ்ந்தது எவரும் எண்ணாதது. இந்தியாவில் ஆக்கப்பெற்ற ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றின் நைத்திரேட்டுச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. வெள்ளிக்காக உருக்கப்பெற்றனவும் பல. ஊரூராக ஓடித் தேய்ந்தவற்றுக்குக் கணக்கில்லை. 'மார்த்தாண்டவர்மா' ஓடவில்லை, ஆகவே தேயவில்லை. உரிமையாளரான தயாரிப்பாளரிடம் இருந்திருப்பின் அதனையும் விற்று உருக்கியிருப்பர் என்று ஐயுற இடமுண்டு. புத்தகசாலையில் அது நாற்பதாண்டளவு கிடந்தது. 1964-இல் நிறுவப்பெற்ற புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1974-இல் அதனைப் பெற்றது. அழிந்த படங்களைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்ட பி. கே. நாயர் அக்காப்பகத்தை வளர்த்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அச்சுருளில் கதைக்குப் புறம்பான ஒன்றும் உண்டு: படம் எடுக்கப்பெற்ற காலத்துத் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் ஊர்வலம். நடிகர் அரிதாரம் பூசி அரசராகத் தோன்றும் அதே படத்தில், அவ்வரச மரபின் இறுதி மன்னர் தம் நகரத் தெருவில் உண்மையாகவே செல்கின்றார்.