காவியம் சமைத்த கைகள்

2001ஆம் ஆண்டு தொடங்கி 2003ஆம் ஆண்டு வரை மூன்று பாகங்களாக வெளிவந்த 'லோட் ஒவ் த றிங்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் கதையை ஈண்டு விரிக்கவேண்டியதில்லை. அரக்கரும் குள்ளரும் மாயக்காரரும் பொருதும் அந்தக் கற்பனைக் காவியத்தைப் பீற்றர் ஜாக்சன் நியூசிலாந்தில் படமாக்கினார். படத்தோடு ஒட்டிச் சிறுவர்க்கென்றும் நூல்கள் வெளிவந்தன. படம் உருவான விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே அவற்றின் நோக்கம். அப்படத்தின் போர்வீரர் அணிந்த சங்கிலிக் கவசங்களுட் பல இரும்பினால் ஆனவை அல்ல. பிளாஸ்ரிக் குழாயைச் சிறு வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கையாற் கோத்துச் செய்தவை. ஆண்டுக்கணக்கில் அவ்வேலையில் ஈடுபட்டோரின் விரல் ரேகைகளே தேய்ந்துபோயின என்று சொல்லப்படுகிறது.

இத்தகைய நூல்கள் படத்தின் வியாபாரத்தோடு பிறந்தவை. சீட்டு விற்க உதவுபவை. இதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அரசனின் கவசத்தைக் கண்டு வியந்த பிள்ளை, அதைக் கோத்த தொழிலாளியின் விரலையும் ஒரு கணம் நினைக்கிறது. வரலாற்றுப் பாடநூல்கள் பலவற்றால் இது இயல்வதில்லை. தாஜ்மகாலைக் கட்டியவன் ஷாஜகான் என்றுதானே நாமும் வகுப்பறையிற் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

தமிழ்ப் பிள்ளைகளின் மாயக்கதை உலகத்தோடும் சினிமாவுக்கு நெருங்கிய உறவு உண்டு. 1947 யூலையில் 'அம்புலிமாமா'வைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியுமே பின்னர் விஜயா நிறுவனத்தின் மூலம் 'பாதாள பைரவி'யையும் (1951) 'மாயா பஜா'ரையும் (1957) தயாரித்தார்கள். 'மாயா பஜா'ரில் துவாரகை நகரம் விளக்கொளியில் மின்னும் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். அந்த நகரம் 50 அடிக்கு 60 அடி கொண்ட இடத்தில் அடங்கியது. கோகலே, கலாதர் என்னும் கலை இயக்குநர்கள் தச்சரையும் மின்தொழிலாளரையும் கொண்டு ஏறத்தாழ 300 சிறு வீடுகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் விளக்குப் பொருத்தினார்கள். மாக்கஸ் பாட்லியின் கமரா அதைக் கண்ணபிரானின் தலைநகரம் ஆக்கிற்று. கடோற்கசன் விருந்துண்ட கதை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. தச்சரைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

இதற்கு முன்னர், 1948இல், எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' வந்தது. அதன் முரசு நடனத்துக்கு ஏறத்தாழ 400 பேர் ஆறு மாதம் பயின்றார்கள் என்பர். ஆனால் மக்கள் வாயில் நின்றது அவர்களுடைய கால்வலி அன்று. படத்துக்குச் செலவான இலட்சங்களின் கணக்கே. முதலாளியின் பணம் வியப்புக்குரிய பொருளாகிவிட்ட இடத்தில் தொழிலாளியின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமற் போவது இயல்பே.

இப்படங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் காவியம் ஆடப்பட்டு வந்தது. படுவான்கரையில் கன்னன்குடாவும் முனைக்காடும் மகிழடித்தீவும், எழுவான்கரையில் வந்தாறுமூலையும் சீலாமுனையும் இன்றும் கூத்துக்குப் பேர்போன ஊர்கள். பாரதப்போரும் இராமாயணப்போரும் பெரும்பாலும் வடமோடிக்கு உரியவை. காதலும் கற்பனையும் மிகுந்த கதைகள் தென்மோடிக்கு உரியவை. இவற்றை ஆடியவர் வயலில் உழுதவரும் வாவியில் வலை வீசியவருமே.

ஒரு கூத்து எவ்வாறு உருவாகும்? முதலிற் சட்டம் கொடுத்தல். ஊர் கூடியிருக்க, இன்னார்க்கு இன்ன வேடம் என்று அண்ணாவியார் முடிவுசெய்வார். குரலும் உடலும் பொருந்தினாற் போதும் என்பது முறை. ஆயினும் அரச வேடம் யாருக்கு என்ற இடத்தில் ஊர்ச் செல்வாக்கும் மெல்லத் தலைநீட்டுவதுண்டு. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. பகலெல்லாம் வயலில் நின்ற கால், இரவில் மத்தளச் சொல்லுக்கு ஆட்டம் பழகும். ஆட்டம் ஒருவாறு தேறியதும் சதங்கை அணியும் விழா. அதன்பின் அடுக்குப் பார்த்தல். அதுவும் முடிந்தாலே அரங்கேற்றம். விடியும்வரை ஆடிய பின்னர் ஊருக்குள் வீடு வீடாகச் சென்று ஆடுவதும் உண்டு.

வடமோடி அரசன் அணியும் உடைக்குக் கரப்புடுப்பு என்று பெயர். கரப்பு என்பது ஆழமற்ற நீரிற் குத்தி மீன்பிடிக்கும் கூடு. இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் அவ்வுடை அந்தக் கூட்டின் வடிவத்தை ஒத்தது. துரியோதனனுடைய ராஜகோலத்துக்குப் பெயர் கொடுத்தது மீனவனின் கைக்கருவி! சக்கரவர்த்திகளைத் தன் வீட்டுச் சாமானால் அளந்த மக்களின் துணிச்சலை எண்ணும்போதெல்லாம் எமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆனால் நாம் முக்கியமாகக் கருதுவது களரியின் அமைப்பையே. கூத்து ஆடப்பட்டது வட்டக்களரியில். நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் உடன் நிற்பர். ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுப்பவரும் அங்கேயே நிற்பார். சுற்றிவரச் சனம். வட்டத்துக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. அடியெடுத்துக் கொடுப்பவரை ஒளித்துவைக்க வேண்டும் என்று ஒருவரும் எண்ணவில்லை. பழக்கும் இடத்தின் ஓரத்தில் மாதக்கணக்காகக் குந்தியிருந்த பிள்ளை, அரங்கேற்றத்துக்கு முன்பே பாதிக் கூத்தைப் பாடமாக்கிவிடும். வீமன் யார் என்று அதற்குத் தெரியும். வீமனாக வருபவர் பெரியப்பா என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் வீமன் கதாயுதத்தோடு வரவு ஆடும்போது அது நடுங்கும். உண்மை தெரிந்தால் வியப்புக் குறைந்துவிடும் என்போர் இந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை.

இக்கூத்து நகர மேடைக்கு வந்த கதையும் இங்கே சொல்லத்தக்கது. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர நாடகம் என்னும் சிங்கள மரபிலிருந்து 'மனமே'யை உருவாக்கினார். தமிழில் அப்பணியைப் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்டார். 'கர்ணன் போர்' 1962இல் மேடையேறிற்று. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன அதனைத் தொடர்ந்தன. பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். கிராமத்துக் கலைஞர் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்றது சிறு செய்தி அன்று. படித்தவர் கண்ணில் கூத்தின் மதிப்பு உயர்ந்தது. விடிய விடிய ஆடியது ஓரிரு மணித்தியாலத்துக்குள் அடங்கிற்று. கூடவே இன்னொன்றும் நிகழ்ந்தது. படச்சட்ட மேடையிற் சனம் ஒரு பக்கம் மட்டும் இருந்தது; நடுவில் நின்ற அண்ணாவியார் ஓரத்துக்குப் போனார்; திரை வந்தது. கூத்துக்கு முதன்முறையாக ஒரு 'பின்புறம்' உண்டாயிற்று. வித்தியானந்தனின் பணியை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அது இன்றேல் கூத்து பற்றி இன்று எழுதுவோரும் இருந்திருக்க மாட்டோம்.

பழைய களரி முழுச் சமத்துவம் உடையது என்றும் நாம் கொள்ளலாகாது. பெண்வேடத்தையும் ஆடவரே ஆடினர். பறைமேளக் கூத்தை ஆடிவந்த மக்களைச் சாதி ஒதுக்கிற்று. கூத்தாய்வு அவர்கள் பக்கம் திரும்ப நெடுங்காலம் எடுத்தது. வட்டத்துக்குப் பின்புறம் இல்லை என்றோம். வட்டத்துக்கு வெளிப்புறம் இருந்தது.

பின்னர் வந்த ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். யுத்தம் வந்தது, 1990இல் ஊர்கள் பெயர்ந்தன, இரவில் ஊர் கூடுவதே ஆபத்தான காலம் நீண்டது. 2004இல் கடல் பொங்கிற்று. இவ்வளவுக்கும் பின் கூத்து மீண்டும் ஆடப்படுகிறது; கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் பழக்கும் களத்தின் ஓரத்திற் குந்தியிருக்கும் பிள்ளையின் இடம் பெரும்பாலும் வெறுமையாகிவிட்டது. அந்நேரம் பிள்ளை தனியார் வகுப்பில் இருக்கிறது; அல்லது கைத்தொலைபேசியில் அரக்கர் படம் பார்க்கிறது. எம் மாணவர் சிலருக்கு அந்த அரக்கர் எப்படிச் செய்யப்பட்டார்கள் என்பது நன்கு தெரியும். கரப்புடுப்பு எப்படிக் கட்டப்படும் என்பது தெரியாது.

எனவே சிறுவர்க்கென ஒரு நூல் வேண்டும். கரப்புடுப்பின் வளையத்தைக் கட்டும் கையிலிருந்து அது தொடங்கலாம். கர்ணனின் கதையை எங்கும் படிக்கலாம்; கர்ணனின் கிரீடத்தைச் செதுக்கியவரை அந்நூலில் மட்டுமே காணமுடியும். மத்தளத்துக்குத் தோல் வார்த்தவர், உடுப்புக்குக் கண்ணாடி ஒட்டியவர், பயிற்சிக் காலமெல்லாம் இரவில் தேநீர் ஊற்றிய பெண்கள், பறைமேளக்காரர் ஆகிய எல்லோரும் பெயரோடும் படத்தோடும் இடம்பெறவேண்டும். வண்ணப்படம் அச்சிடப் பணம் எங்கே என்று கேட்பார்கள். கூத்துச் செலவை ஊரே தலையில் ஏற்ற வழக்கம் இப்பகுதியில் உண்டு. அச்சுக்கூலிக்கும் அதே வாசல்களிற் போய் நிற்கலாம். அவசரமானது வேறொன்று. ஏட்டைப் பாராமலே முழுக்கூத்தையும் சொல்லக்கூடிய அண்ணாவிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.