சைவதூஷண பரிகாரத்திற் பிறர் மதம் மேற்கொண்டு களைந்த திறம்

ஒரு நூல் தன்னைப் படிப்பார் உள்ளத்தைத் தன்வயமாக்குவது எவ்வாற்றான் என்பது அறிஞர் பலரும் ஆராய்ந்த பொருளாகும். யவன தேசத்து அரிஸ்டாட்டில் என்பார், கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலே, சொல்வன்மை குறித்துத் தாம் இயற்றிய நூலில் அதனை மூன்றாக வகுத்தனர். சொல்வோன்பால் உள்ள தகுதி ஒன்று. கேட்போன் உள்ளத்து எழும் உணர்ச்சி ஒன்று. சொல்லப்படும் பொருளின்கண் அமைந்த நியாயம் ஒன்று. நம் பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தின்கண் ஆசிரியன் இயல்பையும் மாணாக்கன் இயல்பையும் நூலின் இயல்பையும் வேறு வேறாக விதந்தோதினர். நூலின் இயல்பு கூறுமிடத்து, நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழென வகுத்து, பிறர் மதத்திற்கு முன்னர் உடன்பட்டு நின்று பின்னர் அதனைக் களைதலை ஒன்றாகவும், தாமே ஒன்றனை நாட்டி அதனை நிலைபெற நிறுத்தலைப் பிறிதொன்றாகவும் வைத்தனர்.

இவ்விரண்டும் வேறு வேறு தொழில்கள். முன்னையது எதிரியின் வாயை அடைக்கும். பின்னையது தன் மாணாக்கன் நெஞ்சை நிறைக்கும். முன்னையதனைச் செய்து முடித்த அளவிலே பின்னையதும் முடிந்ததென மயங்குவார் உலகத்துப் பலர். அங்ஙனம் மயங்காது இரண்டனையும் தத்தம் இடத்தில் வைத்து ஆண்ட பேராசிரியர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் ஆவர். அவர் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை இந்நோக்கோடு ஆராய்தல் ஈண்டு எமது கருத்தாகும்.

நூல் எழுந்த காலம்

வெஸ்லியன் மிஷனார் 1814-ஆம் ஆண்டில் இலங்கையிற் கால்கொண்டனர். அமெரிக்க மிஷனார் 1816-இல் யாழ்ப்பாணம் புகுந்தனர். ஆங்கிலக் கல்வியும் அதனால் வரும் உத்தியோகமும் வேண்டினார்க்கு அவர்தம் பாடசாலைகளே பெரும்பான்மையும் வாயிலாயின. அச்சியந்திரமும் அவர் கையதாக இருந்தது. 1841-இல் உதயதாரகை என்னும் பத்திரிகையும் தோன்றிற்று. சிவாலய வழிபாடும், திருநீறும், தீர்த்த யாத்திரையும், ஆசௌச விதியும் அறிவிலார் செயலென அப்பாடசாலைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஓயாது பேசப்பட்டன. காலையிலே தாய் இட்ட திருநீற்றோடு பாடசாலை சென்ற சிறுவன், அதனை இகழும் பாடத்தைக் கேட்டு மாலையில் வீடு திரும்புவான். அவன் வினாவுக்கு விடை கூறத் தந்தை அறியான். அறிந்த பண்டிதர் சிலர் இருந்தாராயினும், அவர் கல்வி செய்யுளிலும் ஏட்டுச் சுவடியிலும் அடங்கிக் கிடந்தது.

இந்நிலையில் இருவகையார்க்கு விடை வேண்டியிருந்தது. இகழ்ந்தார்க்கு ஒரு விடை. இகழ்ச்சி கேட்டு உள்ளந் தளர்ந்த சைவர்க்கு ஒரு விடை. நாவலர் நூல் முன்னையாரை நோக்கி வாதிப்பதுபோலத் தோன்றினும், அதன் பயன் பெரும்பான்மையும் பின்னையாரையே நோக்கியதென்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாம். நூற்பெயரே இதற்குச் சான்று. எதிரிகள் கூற்றை ஆசங்கை என்றாதல் பூர்வபக்கம் என்றாதல் கூறாது, தூஷணம் என்றார். தம் விடையைப் பரிகாரம் என்றார். மறுப்பென்பது வாதிக்குக் கூறுவது. பரிகாரமென்பது தீங்கு உற்றார்க்குச் செய்வது.

சொல்வோன் தகுதி

1822-இற் பிறந்த நாவலர் வெஸ்லியன் மிஷனாரின் ஆங்கில பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தவர். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் கிறிஸ்தவ வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது, அவர்க்குத் துணையாக நின்று உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. அந்நூலைச் சொற்சொல்லாக நிறுத்துத் தமிழாக்க உழைத்த ஒருவரை, அந்நூலை அறியாதவர் என எவரும் விலக்கல் இயலாதாயிற்று.

கல்வியொன்றே தகுதியாகாது; ஒழுக்கமும் வேண்டும். அவர் 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848-இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சம்பள உத்தியோகத்தை விடுத்தார். இல்லறம் புகாது நைட்டிகராய் வாழ்ந்தார். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கித்து நாவலர் என்னும் பட்டம் பெற்றார். ஆகவே 1854-இல் இந்நூல் வெளிவந்தபோது, இவர் ஊதியம் கருதி எழுதினார் என்று கூறுவார்க்கு இடமில்லாமற் போயிற்று. நூலைத் திறக்கு முன்னரே படிப்போன் உள்ளத்தில் நம்பிக்கை குடிகொண்டிருந்தது.

பொருளின் நியாயம்

இனி, இந்நூலின் உயிர்நிலையாகிய வாதமுறையைக் காண்போம். வாதத்தின்கண், எதிரி ஒப்பாத பிரமாணத்தைக் காட்டுதல் பயனற்றது. இது மெய்கண்ட சந்தானத்தார் நன்கறிந்த நெறி. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்திற் பதினான்கு மதத்தாரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கொள்கையையும் முதற்கண் விரித்துரைத்துப் பின்னரே மறுத்தனர். காட்சியொன்றே அளவையென்னும் உலகாயதனுக்குச் சிவாகமத்தைக் காட்டி என்ன பயன்? கருதலளவையை அவன் தன்னையறியாமலே ஆளுதலைக் காட்டியே அவனைத் தெருட்டல் வேண்டும். உமாபதி சிவாசாரியர் 1313-ஆம் ஆண்டளவில் இயற்றிய சங்கற்ப நிராகரணமும் இவ்வாதமரபில் வந்ததே.

நாவலர் அம்மரபைப் புதிய களத்திற் செலுத்தினர். பாதிரிமார்க்குச் சிவாகமம் பிரமாணமன்று, வேதாகமமே பிரமாணம். ஆதலின் அதனையே வாதத்தின்பொருட்டு மேற்கொண்டனர். எம்மிடத்துக் குற்றமென நீவிர் காட்டுவது உம் நூலின்கண்ணும் விதியாக உளதே. அங்கே அது குற்றமன்றாயின் இங்கே குற்றமாதல் யாங்ஙனம் என்று வினவுவதே அவ்வாதத்தின் வடிவம்.

அம்முறைக்கு இடந்தரும் பகுதிகள் அந்நூலிற் பல. முறை விளங்குதற்பொருட்டுச் சிலவற்றை யாமே ஈண்டு எடுத்துக்காட்டுதும். யாத்திராகமத்திலே, கடவுள் சந்நிதிக்கு விளக்கும், தூபமும், படைத்து வைக்கும் அப்பமும், ஆரோன் வழியினராகிய ஆசாரியர்க்கு உரிய உடையும் விரிவாக விதிக்கப்பட்டுள்ளன. லேவியராகமத்திலே மகப்பெற்ற தாய்க்கு நாட்கணக்கோடு ஆசௌசம் கூறப்பட்டுள்ளது. எண்ணாகமத்திலே பிணந்தீண்டியார்க்குச் சிவப்புக் கிடாரியைச் சுட்ட சாம்பலை நீரிற் கலந்து தெளித்தல் சுத்தியாக விதிக்கப்பட்டுள்ளது. ஆதியாகமத்திலே யாக்கோபு தான் தலைவைத்துத் துயின்ற கல்லைத் தூணாக நிறுத்தி, எண்ணெய் வார்த்து, அவ்விடத்தைக் கடவுள் இல்லமென்று பெயரிடுகின்றான்.

இவற்றுள் மிகப் பொருத்தமானது இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்து நாகமான் வரலாறு. சீரியநாட்டுப் படைத்தலைவனாகிய அவன் குட்டநோயுற்று எலிசா என்னும் தீர்க்கதரிசியை நாடுகின்றான். யோர்தான் நதியில் ஏழுமுறை மூழ்குக என்று அவர் சொல்லி விடுகின்றார். தமஸ்குவின் நதிகள் இதனினும் நல்லனவல்லவோ என்று நாகமான் சினந்து திரும்புகின்றான். பின்னர் ஏவலாளர் தேற்ற, அதன்கண் மூழ்கி நோய் தீர்கின்றான். எல்லா நீரும் நீரே, ஒரு தீர்த்தத்துக்கு மாத்திரம் ஏற்றம் யாது என்று நம்மவரை இகழ்வார் கூறும் தடை, நாகமான் கூறிய தடையே அன்றோ? அத்தடைக்கு அந்நூல் கூறும் விடையே நம் விடையுமாதல் காண்க. நீரின் இயல்பால் அன்று, இறைவன் ஆணையால் வருவது தீர்த்தத்தின் சிறப்பு.

இதற்கு எதிரிகள் கூறத்தக்க சமாதானம் ஒன்று உண்டு. அவ்விதிகளெல்லாம் பழைய ஏற்பாட்டின. புதிய ஏற்பாட்டால் அவை நீங்கின என்பர். இச்சமாதானம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கிறிஸ்தவ மதத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. ஆயினும் இங்கே நாம் நோக்கவேண்டுவது, வினா எங்கே மாறிற்று என்பதாம். கிரியை வழிபாடு இயல்பாகவே அறிவீனம் என்பது அவர் முதற்கூற்று. கடவுளே ஒருகாலத்து அதனை விதித்தார் என ஒப்பியவுடன் அக்கூற்று அழிந்தது. கடவுள் விதித்தது எது, எக்காலத்துக்கு, யார்க்கு என்பதே எஞ்சிய வினா. அது நகையாடித் தீர்க்கும் வினாவன்று. நூலாராய்ந்து தீர்க்கும் வினா. இகழ்ச்சியை ஆராய்ச்சியாக மாற்றியதே இவ்வாதத்தின் வெற்றியாகும். அன்றியும், நீரால் ஆடும் ஞானஸ்நானமும் அப்பமும் திராட்சரசமும் கொண்டு செய்யும் நற்கருணையும் புதிய ஏற்பாட்டின்கண்ணும் உள்ளன. ஆதலிற் சடப்பொருள் வாயிலாக அருள் பெறலாம் என்னும் கொள்கையை அவர் முற்றும் துறந்தாரல்லர்.

கேட்போன் உள்ளம்

நியாயம் அறிவைத் தொடும்; செயலிற் செலுத்துவது உணர்ச்சி. நாவலர் சைவரை நோக்கிப் பேசுமிடத்து இருவகை உணர்ச்சியை எழுப்பினர். ஒன்று, தம் சமயத்தைத் தாம் அறியாதிருத்தல் பற்றிய நாணம். மற்றொன்று, அதனைக் காத்தல் தம் கடனென்னும் வீறு. அவர் சொல் சிற்சில இடங்களில் மிகக் கடுமையாதல் உண்மை. அக்கடுமை தளர்ந்த சைவரை நிமிர்த்தியிருக்கும். ஆயின் எதிரியின் செவியைத் திறந்திருக்குமென்று சொல்லுதற்கில்லை. நடுநிலை நின்று ஆராய்வார் இதனையும் கூறுதல் வேண்டும். எதிரியின் நூலையே சான்றாக்கிய பகுதிகள் இன்றும் வலிமை குன்றாதிருக்க, வைதுரைத்த பகுதிகள் அக்காலச் சூட்டோடு தணிந்தன.

எனினும் அக்கடுமை பிறர்மேல் மாத்திரம் செலுத்தப்பட்டதன்று. 1872-இல் அவர் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையிலே, சைவர் தம்மிடத்துள்ள குற்றங்களையே அதே கடுமையோடு எடுத்துரைத்தனர். தம்மவர் குற்றத்தை மறைத்துப் பிறர் குற்றத்தை மாத்திரம் கூறுவான் கட்சிக்காரன். இரண்டனையும் கூறுவான் ஆசிரியன்.

வாதத்தின் எல்லை

இனி, இவ்வாதமுறை செல்லும் எல்லையையும் நோக்குதல் வேண்டும். உம்மிடத்தும் அஃது உண்டு என்பது பழியைச் சமமாக்குமேயன்றி, உண்மையை நிறுவமாட்டாது. அதனைக் கேட்ட ஓர் இளைஞன், அங்ஙனமாயின் இரண்டும் ஒழிக என்று கூறிவிடின் யாது செய்வது? இரு சமயத்தாரும் ஒருவர் நூலை ஒருவர் குற்றங்கூறி வாதித்தவிடத்து, இருவர்பாலும் நம்பிக்கையிழந்து நாத்திகம் புகுதல் எளிது. பிறர் மதத்தை மேற்கொண்டு களைந்ததோடு நிற்பின் இவ்விடர் உறுதி.

நாவலர் இதனை நன்குணர்ந்தார் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. மறுப்பு நூல் 1854-இல் வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1852-இலேயே பெரியபுராண வசனம் வந்துவிட்டது. சிறுவர்க்குப் பாலபாடங்களும், சமயம் பயில்வார்க்குச் சைவ வினாவிடையும் வெவ்வேறு காலங்களில் இயற்றப்பட்டன. 1864-இற் சிதம்பரத்தும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. இவற்றின்கண்ணே வாதியை நோக்கும் நோக்கு இல்லை. திருநீறு யாது, அதனை அணியும் முறை யாது, சிவபெருமான் எத்தன்மையர் என்று தாமே நாட்டித் தாமே நிறுத்துதலே உண்டு. அடியார் வரலாற்றைத் தெளிந்த உரைநடையிற் படித்த இளைஞனுக்கு, இரண்டும் ஒழிக என்னும் எண்ணம் தோன்றாது. தொண்டின் சுவையை அவன் உள்ளம் முன்னரே அறிந்துவிடும். களைதல் சில நூல்களளவில் அமைந்தது. நிறுத்தல் 1879-இல் அவர் சிவபதம் அடையுங்காறும் நிகழ்ந்தது. இவ்விகிதமே நாம் கருதத்தக்கது.

பிற்காலத்து மேனாட்டறிஞரும் இந்நூலை ஆராய்ந்துள்ளனர். டென்னிஸ் ஹட்சன் என்பார் நாவலரைப்பற்றி எழுதிய ஆராய்ச்சி, பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவின் சமயவாதங்களைக் குறித்து 1992-இல் வெளிவந்த தொகுப்பொன்றில் இடம்பெற்றுள்ளது. இவ்வாறு வரலாற்று நூலாக இது மதிக்கப்படுதல் மகிழத்தக்கதே. ஆயினும் நம்மனோர்க்கு அது வரலாறு மாத்திரம் அன்று, வழிகாட்டியுமாம்.

சமயவாதம் புரிய விரும்பும் அன்பர்கள் இந்நூலினின்றும் கொள்ளத்தக்கன மூன்று. எதிரியின் நூலை அவன் அறிந்த அளவேனும் அறிந்தபின்னரே வாய் திறத்தல் வேண்டும். அவன் ஒப்பும் பிரமாணத்தானே அவனை வினாவுதல் வேண்டும். ஒரு மறுப்பு எழுதினோமாயின், நம் சிறுவர் கையிற் கொடுக்கத்தக்க நூல்கள் பல எழுதுதல் வேண்டும். இம்மூன்றனுள் முன்னை இரண்டும் அருமையானவை. மூன்றாவது அவற்றினும் அருமையானது. வாதத்தில் வென்றோம் என்று மகிழ்ந்திருக்கும் ஒரு நாளில், வினாவோடு வீடு திரும்பும் சிறுவன் ஒருவன் விடை பெறாது துயிலச் செல்வானாயின், அவ்வெற்றியாற் சைவம் பெற்றது யாது? இதனை ஒவ்வொரு மனையிலும் உள்ள சைவர் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்