கணினியும் வெப்பமும்: ஒரு வரலாற்று நோக்கு

உழைக்கும் பொறி எதுவாயினும் அது சூடாதல் இயற்கை. வண்டியின் அச்சும் சூடேறும். ஆலையின் இயந்திரமும் சூடேறும். அச்சூடு வெளியேற வழி காணாமல் ஆற்றலை மட்டும் பெருக்க முனைந்தவர்கள் ஒரு கட்டத்தில் நின்று, வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. இவ்வுண்மையைக் கணினியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

இன்று ஈப்போ நகரிலும், முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடங்களில் எழுந்துள்ள குடியிருப்புகளிலும் இளைஞர் பலர் கணினியில் விளையாடுகின்றனர். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது காட்சி தடுமாறும், விசிறி இரையும், சிற்சில வேளைகளில் கணினி தானாகவே அணைந்துவிடும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் பழுதாகிவிட்டது என்று வீட்டார் கலங்குவர். ஆனால், அவ்வாறு ஒதுக்கப்படும் கணினிகளுள் பல பழுதானவை அல்ல. வெப்பம் வெளியேற வழியின்றித் திணறுபவையே. இதனை உணர்வதற்கு, வெப்பத்தோடு மனிதன் நடத்திய போராட்டத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

பேராக் மாநிலத் தமிழர்க்கு இப்போராட்டம் புதிதன்று. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. பால்மரத்தின் பாலை உறையவைத்து, பாளங்களாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு உலர்த்தினர். அங்கு வெப்பம் குறைந்தால் பாளம் உலராது. 60 பாகை செல்சியசுக்கு மேல் மிகுந்தால் கொப்புளம் கண்டு தரம் கெடும். ஆதலின், அடுப்பில் விறகை அளவாக இட்டதோடு, கூரையில் இருந்த திறப்புகளையும் ஏற்ற அளவில் திறந்து மூடினர். நெருப்பை மூட்டுவது எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது வெப்பம் வெளியேறும் வாயிலைக் காப்பதும் என்பதை அக்கூடத்தில் உழைத்தோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

கணினியை முதன்முதலில் அமைத்த அறிஞர்களும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எனியாக் என்னும் கணினி உலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவிற்கு மின்சாரத்தை உண்டது. உண்ட மின்சாரம் முழுதும் இறுதியில் வெப்பமாகவே மாறியமையால், அதனை வெளியேற்றப் பெரிய காற்றூதிகள் தேவைப்பட்டன. அக்கணினியை வடிவமைத்தவருள் ஒருவரான பிரெஸ்பர் எக்கர்ட், குழல்களை அவற்றின் முழு அளவிற்கு இயக்காமல், அதனினும் குறைந்த மின்னழுத்தத்திலேயே இயங்கச் செய்தார். பொறியின் முழு வலிமையையும் எந்நேரமும் பிழிந்தெடுக்காமையே அதன் ஆயுளை நீட்டும் என்னும் கொள்கை அன்றே வேரூன்றிற்று.

1947ஆம் ஆண்டு டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின் குழல்கள் மறையத் தொடங்கின. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலி 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. அதற்கு விசிறி தேவைப்படவில்லை. 1974இல் ராபர்ட் டென்னார்டும் அவர்தம் குழுவினரும் ஒரு நெறியை எடுத்துரைத்தனர். டிரான்சிஸ்டரின் உருவைச் சுருக்கும்போது அதற்குரிய மின்னழுத்தத்தையும் குறைத்துவந்தால், ஒரே பரப்பில் எத்துணை டிரான்சிஸ்டர்களைச் செறித்தாலும் அப்பரப்பின் வெப்பம் மிகாது என்பதே அந்நெறி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கணினித் துறை இந்நெறியைப் பின்பற்றி வளர்ந்தது.

ஆயினும், நெறிக்கும் ஓர் எல்லை உண்டு. டிரான்சிஸ்டர் மிக நுண்ணியதானபோது, அணைந்திருக்கும் நிலையிலும் மின்சாரம் கசியலாயிற்று. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. 1993இல் வந்த முதற் பென்டியம் செயலி ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தை உமிழ்ந்தது. 2004ஆம் ஆண்டளவில் பென்டியம் 4 செயலிகள் 100 வாட்டைத் தாண்டின. அவ்வழியில் 10 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டலாம் என்று முன்னர் நம்பியிருந்த இன்டெல், அவ்வாண்டிலேயே தேஜாஸ் என்னும் புதிய செயலித் திட்டத்தைக் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தையும் வெளியிடாது நிறுத்திற்று. 2005இல் ஒரே செயலிக்குள் இரண்டு கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. பெரும் செல்வமும் பேரறிஞர் கூட்டமும் படைத்த நிறுவனத்தையே வெப்பம் திசைதிருப்பிற்று என்பது ஈண்டு நினையத்தக்கது.

இவ்வரலாற்றில் மலேசியாவிற்கும் பங்குண்டு. 1972ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் பினாங்கின் பாயான் லெப்பாசில் தன் ஆலையை நிறுவிற்று. ஈப்போவில் கார்செம் நிறுவனம் சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதிக்கும் பணியைச் செய்கின்றது. அவ்வுறை சில்லைக் காப்பதோடு, அதன் வெப்பம் வெளியே செல்லும் வழியாகவும் அமைகின்றது. ஒரு காலத்தில் கிந்தா வெளியை உலகறியச் செய்த ஈயமும் இதனுள் உண்டு. 1985இல் அதன் விலை வீழ்ந்து சுரங்கங்கள் பல மூடப்பட்டன. எனினும், கணினிப் பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கும் பொருளின் பெரும்பகுதி இன்றும் வெள்ளீயமே.

இனி, விளையாடும் வேளையில் நிகழ்வது யாது எனக் காண்டல் தகும். கடிதம் எழுதும்போது செயலி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். விளையாட்டிலோ, செயலியும் படங்களை வரையும் சில்லும் ஒருசேர ஓயாது உழைக்கின்றன. 2023இல் வந்த உயர்தரச் செயலி ஒன்று உச்சநிலையில் 253 வாட் வரை கொள்ளும். செயலியின் சூடு ஏறத்தாழ 100 பாகையை எட்டினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காட்சி தடுமாறுவது இதனாலேயே. அதன்பின்னும் சூடு தணியாவிடில் கணினி அணைந்துவிடும். அறையின் சூடு எத்தனை பாகை மிகுகின்றதோ, செயலியின் சூடும் ஏறத்தாழ அத்தனை பாகை மிகும். நண்பகலில் 33 பாகையைத் தொடும் ஈப்போவில், 20 பாகைக் குளிர்நாட்டில் இருப்பதைவிட 13 பாகை முன்னதாகவே ஆபத்து வந்து நிற்கின்றது.

தீர்வும் வரலாறு காட்டிய வழியிலேயே உள்ளது. முதலில், சூட்டின் அளவைக் காட்டும் மென்பொருளைக்கொண்டு நோயை உறுதிசெய்தல் வேண்டும். அடுத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியிலும் உலோகத் தகடுகளின் இடுக்குகளிலும் படிந்த தூசியை மென்தூரிகையால் நீக்குதல் வேண்டும். அப்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்வது நன்று. கணினியைச் சுவரோடு ஒட்டியும் மெத்தையின்மீதும் வைத்தலாகாது. இவற்றால் பயனில்லையெனில், செயலிக்கும் அதன் மேலமர்ந்த உலோகத்திற்கும் இடையிலுள்ள பசை உலர்ந்திருக்கக்கூடும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றினதைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு மிகுதி. எனவே, அங்கே மெல்லிய காற்றிடைவெளி இருந்தாலும் வெப்பத்தின் வழி அடைபடும். பழைய பசையைத் துடைத்தெடுத்துப் புதியதைச் சிறிதளவே இடுதல் வேண்டும். மிகுதியாக இட்டால் பயன் குறையும். இறுதியாக, எக்கர்ட் செய்தாற்போல மின்னழுத்தத்தைச் சற்றே குறைக்கலாம். விளையாட்டில் நொடிக்குத் தோன்றும் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் இடலாம். ஆட்டத்தின் சுவை பெரிதும் குன்றாது, சூடு தணியும்.

வெப்பக் கடத்தலும் வெப்பச் சலனமும் பள்ளி அறிவியல் நூலில் உள்ள பாடங்களே. அவற்றைத் தேர்வுக்கென மனனம் செய்யும் மாணவனே, தன் வீட்டுக் கணினி அணையும்போது செய்வதறியாது நிற்கின்றான். அவனுக்கும் அப்பாடத்திற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பது ஆசிரியர் கடன். புகைக்கூடத்தின் திறப்பை அளவறிந்து திறந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தம் கையிலுள்ள கருவியின் உள்ளியல்பையும் அறிந்து அதனைப் பேணும் திறம் பெறுதல் வேண்டும். அத்திறம் பெற்ற இளைஞர், பிறர் செய்த பொறியைப் பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடார். பொறியைப் படைப்போர் வரிசையிலும் இடம்பெறுவர்.